மருத்துவக் கருவிக் குடும்பத் தொழிலைக் காப்பது பதிவேடே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கமிருந்து பட்டறையைப் பூட்டிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மருத்துவக் கருவி செய்யும் குடும்பத் தொழில் தலைமுறை தாண்டி நிற்பது கைத்திறனாலா, பதிவேட்டாலா? இதுதான் இன்றைய தலைப்பு. "சாணையில் தெறிக்கும் பொறியைப் பார்த்தே எஃகின் தரம் சொல்கிற பெரியவர் இருக்கும்போது நோட்டுப் புத்தகம் எதற்கு?" என்று எதிரணித் தலைவி அம்மா கேட்டார்கள். அந்தப் பெரியவரை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அவரிடம் ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸைக் கொடுக்கிறேன். ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி அது. ஒரு கால் இன்னொன்றுக்குள் நுழைந்து திரும்பும் பாக்ஸ் ஜாயின்ட்டில் செந்துரு படிந்து மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. ஏன் துரு பிடித்தது? சொல்லட்டும்.

உலையில் தப்பு நடந்திருக்கலாம். இதற்குப் போடுவது 420 ரக ஸ்டெயின்லெஸ். 980 முதல் 1035 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிக் குளிர்வித்து, மறுபடி 150 முதல் 370 டிகிரிக்குள் பதப்படுத்த வேண்டும். அந்த இரண்டாவது சூடு 425ஐத் தாண்டி 600 வரைக்குள் போய்விட்டால் துருவைத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பஃபிங் போட்டால் கெட்டதும் நல்லதும் ஒரே மாதிரிதான் பளபளக்கும்! சாதாரண இரும்பைத் தேய்த்த அதே சாணைக்கல்லில் இதையும் தேய்த்திருந்தால் இரும்புத் துகள் மேற்பரப்பில் பதிந்து, அதிலிருந்து துரு கிளம்பியிருக்கலாம். ஒட்டிய இரும்புத் துகளைக் கரைத்து எடுக்கும் அமிலக் குளியலிலும் குறை இருந்திருக்கலாம். 4 முதல் 10 சதவீத சிட்ரிக் அமிலம். 21 முதல் 49 டிகிரி சூட்டில் குறைந்தது 20 நிமிடம், 60க்கு மேல் 71 வரை என்றால் குறைந்தது 4 நிமிடம். பஃபிங் மெழுகை முதலில் கழுவி எடுக்காவிட்டால் ஜாயின்ட் உள்ளே அமிலம் எட்டவே எட்டாது.

கடைசியாகத் தண்ணீர். நம் ஊர்க்காரர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். மணலிக்கு வடக்கே மீஞ்சூர் வரை நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருக்கிறது. அந்த போர்வெல் தண்ணீரில் கடைசி அலசு அலசினால் குளோரைடு ஜாயின்ட்டுக்குள் தங்கிவிடும். குளோரைடு இருந்தால் ஸ்டெயின்லெஸ்ஸிலும் ஊசி குத்தியது போலக் குழி விழும். கடைசி அலசுக்கு உப்பு நீக்கிய தண்ணீர்தான்.

காரணம் வேறு வேறு. ஆனால் துருவின் நிறம் ஒன்று! கண்ணால் பார்த்து எப்படிப் பிரிப்பீர்கள்? லாட் எண், அதாவது ஒரே தடவையில் சேர்ந்து செய்த தொகுதியின் எண், வாரியாக உலையின் வெப்ப வரைபடம், எந்தக் கல், அமிலத்தின் வலு, மாற்றிய தேதி, அலசிய தண்ணீரின் அளவீடு, இவை எழுதியிருந்தால் ஒரு மணி நேரத்தில் பிரித்துவிடலாம். கெட்ட லாட்டை மட்டும் திரும்ப வாங்கலாம். எழுதாதவர் ஒன்று எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டும், இல்லையென்றால் பேசாமல் இருந்துவிட வேண்டும். பேசாமல் இருந்தால் ஆபத்து அறுவை மேசையில் படுத்திருப்பவருக்கு.

ஜெர்மனியின் பிரவுன் குடும்பத்தைக் கைத்திறனுக்குச் சாட்சியாக எதிரணி இழுத்தார்கள். அது எங்கள் சாட்சி, ஐயா! 1839இல் மெல்சுங்கனில் ஒரு மருந்துக்கடையை வாங்கித் தொடங்கினார்கள். 1908இல் ஆட்டுக்குடல் தையல் நூல். 1962இல் ரத்தக்குழாயில் செருகும் பிளாஸ்டிக் கேனுலா. இன்றும் அது குடும்ப நிறுவனம்தான். குடல் நூல் முறுக்கிய விரலுக்குக் கேனுலாவில் என்ன வேலை? பொருள் மாறும்போதெல்லாம் பழைய கைப்பழக்கம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அளந்து எழுதி அடுத்தவரிடம் ஒப்படைக்கும் பழக்கம்தான் உள்ளே வருகிறது என்பது என் வாதம். கைத்திறனின் உச்சமான பழைய கண்ணாடி சிரிஞ்சையே பாருங்கள். குழலையும் உள்தண்டையும் ஜோடியாக இழைத்து, ஜோடி மாறிவிடாமல் இருக்க இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்தார்களே!

"2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் காகிதம் மிதந்துபோனால்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. பதிவேடு மேல்தளத்தில் இருக்கட்டும், நகல் வேறு பேட்டையில் இருக்கட்டும். அதே வெள்ளத்தில் உலையின் வெப்பமானி நனைந்தால் அதன் பிழையைக் கண்டுபிடிக்கவும் பழைய அளவீடுதானே வேண்டும்?

சட்டத்தைப் பற்றி இரண்டே வரி. மருத்துவக் கருவி விதிகள் 2017, 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன. அதன் ஐந்தாம் அட்டவணை தரமுறைப் பதிவுகளைக் கேட்கிறது. ஆய்வாளர் வரும்போது தாத்தாவின் பெயரைச் சொல்லி நிற்க முடியாது.

கைத்திறன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. பெரியவர் வேலையில் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறேன். பிடிகளைப் பூட்டி நிறுத்தும் பல்வரிசையான ராட்செட்டின் முதல் பல்லில் பூட்டி, பிடியைத் தட்டிப் பார்க்கிறாரே, அது சோதனை எண் ஒன்று: திறந்துகொண்டால் கழி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நுனி சேர்கிறதா பார்க்கிறார், அது இரண்டு. காய்ச்சி வடித்த நீரில் 30 நிமிடம் கொதிக்கவைத்து, அதே நீரில் 3 மணி நேரம் விட்டு, எடுத்து உலர்த்தி ஜாயின்ட்டைப் பார்ப்பது மூன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே லாட் எண், தேதி, பார்த்தவர் கையெழுத்து. நாளைக்கே தொடங்கலாம், நூறு பக்க நோட்டு ஒன்று போதும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.