குளிருதுன்னு சொல்லாதீங்க, எத்தனை டிகிரின்னு சொல்லுங்க

வணக்கம். ஹீட்டிங் சரியில்லாத வாடகை வீட்ல ஒரு குளிர்காலத்த ஓட்டினவங்களுக்கு நான் பேசப்போறது சட்டுனு புரியும். வீட்டுக்குள்ளயே ஸ்வெட்டர், அதுக்கு மேல போர்வை, டீ கிளாஸ குடிக்கவா கைய சூடாக்கவான்னு தெரியாம புடிச்சிட்டு உக்காந்திருப்போம்ல, அந்த கதைதான்.

எங்க ஓனர் நல்ல மனுஷன்தாங்க, அத மொதல்ல சொல்லிடறேன். போன் பண்ணி குளிருதுன்னா மறுநாளே வந்துடுவாரு. ஆனா வர்றது மத்தியானம், ஜன்னல் வழியா வெயில் அடிக்கிற நேரம், போட்டிருக்க கோட்ட கூட கழட்டாம நேரா ரேடியேட்டர்கிட்ட, அதான் உள்ள சுடுதண்ணி ஓடி ரூம சூடாக்குமே அதுகிட்ட, போயி கைய வெச்சு பாத்துட்டு, "சூடாத்தானேம்மா இருக்கு, உங்களுக்கு இன்னும் குளிர் பழகல"ன்னுட்டு கெளம்பிடுவாரு. மூணு தடவ இதே கூத்து. மூணாவது தடவ எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நம்ம ஒடம்புலதான் ஏதோ கோளாறோன்னு.

இதுல கவனிங்க, வெளிய இருந்து வந்த சில்லுன்னு இருக்க கைக்கு வெதுவெதுப்பா இருந்தாலே சூடாத்தான் தெரியும். ரூம் சூடாகுதாங்கறத கை சொல்லாது.

அதனால ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். காய்ச்சலுக்கு வெக்கிறது இல்லீங்க, ரூம்ல வெக்கிறது. ஜன்னலோரம் வெச்சா குறைச்சு காட்டும், ரேடியேட்டர்கிட்ட வெச்சா கூட்டி காட்டும், ஓனர் அதையே புடிச்சுக்குவாரு, அதனால ரூம் நடுவுல, நெஞ்சு உயரத்துல. காலைல எந்திரிச்சதும், சாயங்காலம், படுக்கப்போறப்ப, மூணு வேளை மாத்திரை மாதிரி தேதி நேரம் போட்டு நோட்ல எழுதினேன். விடிகாலைல 14, 13, ஒருநாள் 12. உலக சுகாதார நிறுவனம் 2018ல வெளியிட்ட வழிகாட்டி, குளிர்காலத்துல வீட்டுக்குள்ள 18 டிகிரியாவது வேணும்ங்குது, கைக்குழந்தையும் வயசானவங்களும் இருந்தா அதுக்கும் மேல வேண்டியிருக்கலாம்.

ரெண்டு வார கணக்க போட்டோ புடிச்சு அனுப்பினேன். குளிருதுன்னு ஒரு வார்த்தை எழுதல, எண்ணு மட்டும்தான். குளிருதுன்னா அது நம்ம அபிப்பிராயம், அவருக்கு வேற அபிப்பிராயம் இருக்கும், ஆனா 12க்கு என்ன அபிப்பிராயம் சொல்ல முடியும்?

இந்த தடவ மெக்கானிக்கோட வந்தாரு. ரேடியேட்டர் கீழ சூடு, மேல சில்லுன்னு இருக்கு, அப்படின்னா உள்ள காத்து அடைச்சிருக்குன்னு ஒரு சின்ன சாவிய போட்டு திருகினாரு, புஸ்ஸுன்னு காத்து போயி தண்ணி சொட்டினதும் மூடிட்டாரு. ஆனா பெரிய விஷயம் வேற. எங்களுது மேல் மாடி, கடைசி லைன். கீழ் வீட்டு வால்வெல்லாம் முழுசா தொறந்து கெடக்க, சுடுதண்ணி பூரா அங்கயே சுத்திட்டு நாங்க கடைமடை வயல் மாதிரி காஞ்சு கெடந்திருக்கோம். அத அளவா குறைச்சு வெச்சாரு. அப்புறம், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ரேடியேட்டர மறைச்சு சோபாவ போட்டு வெச்சிருந்தது நாந்தான்.

நேரமாச்சுன்னு ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கைய காட்றாங்க, ஓனர் சரி பண்ணலன்னு வாடகைய நிறுத்தறத பத்தி விரிவா சொல்லணும்னு வந்தேன், வேகமா சொல்லிடறேன். உங்க ஊர் சட்டம் தெரியாம நீங்களா நிறுத்திடாதீங்க, வழக்கு உங்க மேலயே திரும்பிடும். கேஸ் அடுப்ப பத்த வெச்சு ரூம சூடாக்காதீங்க, அதுல வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயுவுக்கு வாசனையே கெடையாது. தனி ஹீட்டர்னா நேரா சுவர் பிளக்ல மாட்டுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல வேணாம். சரி சரி, முடிச்சுட்டேன், வணக்கம்.