புகையேறிய மால்ட்: சிறிய விலையில் நல்ல சுவை

நேயர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஐலா, மல் முதலிய தீவுகளில் வடிக்கப்படும், பீட் புகையேறிய சிங்கிள் மால்ட் விஸ்கியை (முளைகட்டிய பார்லியிலிருந்து ஒரே வடிசாலையில் வடித்ததை) எப்படிச் சுவைத்தறிவது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இவ்வகையில் தரமானதைச் சுவைக்கப் பெரும்பணம் வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் சரியன்று என்பதே என் உறுதியான கருத்து; அதற்குரிய காரணம் அந்தப் புகையிலேயே அடங்கியிருக்கிறது.

சதுப்பு நிலத்தில் பாசியும் புதர்ச்செடிகளும் காற்றுப் புகாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அரைகுறையாக மக்கிப் படிந்த மண்ணே பீட். மரம் அரிதான அத்தீவுகளில் மக்கள் அதையே வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லி ஈரமாக இருக்கும்போதே அதன் ஊடாகப் பீட் புகையைச் செலுத்தினால், ஃபீனால், கிரெசால், குவயகால் போன்ற சேர்மங்கள் உமியில் படிந்துவிடுகின்றன; தானியம் உலர்ந்த பிறகு புகை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மருத்துவமனையையும் தாரையும் நினைவூட்டும் நெடிக்குக் கிரெசாலும், விறகுப் புகை மணத்துக்குக் குவயகாலும் பெருமளவு காரணம்.

புகையின் அளவைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று குறிக்கும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் மால்ட்டில் அளந்த எண்ணே தவிர, புட்டிக்குள் இருக்கும் விஸ்கியில் அளந்ததன்று. லகவூலின், கல் ஈலா ஆகிய இரண்டு வடிசாலைகளும் போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து ஏறத்தாழ 35 பங்கு அளவுள்ள மால்ட்டையே பெறுகின்றன. ஆயினும் கல் ஈலாவில் செம்பாலான வடிகலத்தை முழுக்க நிரப்பாமல் மேலே நிறைய இடம் விட்டு வடிப்பதால், ஆவி செம்பின்மீது நெடுநேரம் பட்டு, மெல்லிய, எலுமிச்சை மணம் கலந்த விஸ்கியாக இறங்குகிறது. லகவூலினோ கனத்து, எண்ணெய்ப் பசையோடு நாவில் தங்குகிறது. ஃபீனால்கள் வடிப்பின் பிற்பகுதியிலேயே மிகுதியாக வருவதால், எந்தக் கட்டத்தில் சேகரிப்பை நிறுத்துகிறார்கள் என்பதும் சுவையை மாற்றிவிடுகிறது.

இனி விலைக்கு வருவோம். ஸ்காட்ச் என்று பெயரிட 3 ஆண்டுகளாவது ஓக் பீப்பாயில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் கூடும் ஒவ்வோர் ஆண்டும் விலையை ஏற்றுகிறது. புகையையோ மெல்ல மெல்லத் தணிக்கிறது. எனவே புகைதான் நாம் நாடுவது என்றால், இளமை ஒரு குறையே அன்று. 5 ஆண்டு வயதும் 47.4 விழுக்காடு ஆல்கஹால் வீரியமும் கொண்ட ஆர்ட்பெக் வீ பீஸ்ட்டி, மல் தீவின் டோபர்மோரி வடிசாலையில் பிறக்கும் லெட்சிக் 10, லஃப்ராய்க் 10 (எண் வயதைக் குறிக்கும்) ஆகிய மூன்று விஸ்கிகளும் பிரிட்டனில் ஏறத்தாழ 35 முதல் 50 பவுண்டுக்குள் கிடைப்பவை. வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். கேரமல் நிறமி சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. வீரியத்தைப் பாருங்கள். 46 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் குளிரூட்டி வடிகட்டி எண்ணெய்ப் பசை நீக்கப்படாதவை என்பதால் நாவில் நிறைவு கூடும்.

சுவைக்கும்போது வாய் குறுகிய கிண்ணத்தில் சிறிதளவு ஊற்றி, உதடுகளைச் சற்றே திறந்தபடி முகருங்கள். முதலில் புகையைத் தவிர வேறொன்றும் தெரியாது. பத்து நிமிடம் பொறுத்தால் மூக்கு அந்தப் புகைக்குப் பழகிவிட, அதன் பின்னிருந்து பேரிக்காய், வனிலா, கடற்பாசி என ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அவசரப்படுவோர் இழப்பது இந்தப் பகுதியைத்தான். பிறகு சில துளி நீர் விடுங்கள். சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணினி ஆய்வின்படி, வீரியம் 45 விழுக்காடும் அதற்குக் கீழும் இருக்கும்போது குவயகால் திரவத்தின் மேற்பரப்பை நாடுகிறது. மணம் எழுவதும் அங்கிருந்துதான். பனிக்கட்டி மணத்தை அடக்கிவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

லெட்சிக்கையும் லஃப்ராய்க்கையும் அருகருகே வைத்து, ஒரு மிடறுக்கும் அடுத்ததற்கும் இடையே தண்ணீர் குடித்துச் சுவையுங்கள். முன்னதில் மண்வாசமும் மிளகுக் காரமும், பின்னதில் அயோடின் நெடியும் அதைத் தொடரும் இனிப்பும் தனித்தனியே புலப்படும். வேறு விஸ்கிகளும் மேசையில் இருந்தால் இவ்விரண்டையும் கடைசியில் வையுங்கள்; இவற்றுக்குப் பின் மென்மையான எதுவும் நாவுக்கு எட்டாது.