தனக்கு மிஞ்சித்தான் தானம்

தலைவர் அவர்களே, இடம் கொடுத்த பள்ளியின் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, கடலூரிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கும் வேளாண் அலுவலர் அவர்களே, கூட்டுறவுச் சங்கத்தின் முன்னாள் தலைவர் அவர்களே (உங்களுக்குப் போட வேண்டிய துண்டு தவறி என் தோளுக்கு வந்துவிட்டது, இறங்கியதும் தந்துவிடுகிறேன்), நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்து உழவர் பெருமக்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஓசோன் எங்கிருந்து வருகிறது, வேரடி நுண்ணுயிர்களை அது என்ன செய்கிறது, நெல் வயலில் கதை எப்படி மாறுகிறது.

செப்டம்பர் 16 அன்று நாம் போற்றுகிற ஓசோன் வானத்தில் வெகு உயரத்தில் இருக்கிறது. அது வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் காவல். நான் சொல்வது நம் மூக்குக்கு நேரே இருப்பது. இதை எந்தப் புகைபோக்கியும் நேராக ஊதுவதில்லை. வண்டிப் புகையும் அனல் உலைப் புகையும் கரும்புத் தோகை எரிகிற புகையும் வெயிலில் வினைபட்டு ஓசோனைப் பிறப்பிக்கின்றன. வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமா? 1 கன மீட்டர் காற்றில் 8 மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2009இல் மத்திய அரசு வரம்பு வைத்தது.

இந்த வாயு மண்ணுக்குள் ஆழமாக இறங்காது. இலைத்துளை வழியே நுழைந்து இலையைப் புண்ணாக்கும். செடி சமைக்கிற சர்க்கரை குறையும். இருப்பதிலும் ஒரு பங்கு புண்ணை ஆற்றச் செலவாகும். வேர் கசியவிடும் சர்க்கரையை நம்பி வாழும் பாக்டீரியாவுக்கும், மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, எட்டிப் பிடித்துத் தரும் வேர் உட்பூசணத்துக்கும் படி அளப்பது சுருங்கும். தனக்கு மிஞ்சித்தான் தானம்! செடிக்கும் அதே கணக்குதான்.

எனக்குப் பத்து வயது. மணிலாக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் கொல்லையில், களை எடுக்க ஆயா அனுப்பினாள். ஒரு செடி கையோடு வந்துவிட்டது. வேர் முழுக்கக் கடுகு கடுகாக உருண்டைகள். பூச்சி முட்டை என்று முடிவு கட்டினேன். ஒரு வரிசையையே பிடுங்கி, உருண்டைகளை நகத்தால் சுரண்டிப் போட்டு, பழையபடி நட்டுத் தண்ணீரும் ஊற்றினேன். மாலையில் பெருமையாகச் சொன்னேன். ஆயா அடிக்கவில்லை. ஓர் உருண்டையைப் பிளந்து காட்டினாள். உள்ளே ரத்தம் கலந்த பால் போல இளஞ்சிவப்பு. "இது செடி வைத்திருக்கிற உரமூட்டை. நீ மூட்டையை அறுத்துவிட்டாய்" என்றாள். ஒரு வாரம் எனக்குக் கடலை உருண்டை கிடையாது! அது காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்கும் ரைசோபியம் பாக்டீரியாவின் வீடு என்று கல்லூரியில்தான் தெரிந்தது. அன்று நான் நகத்தால் செய்ததை ஓசோன் பட்டினி போட்டுச் செய்கிறது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் திறந்த வயலில் குழாய் வைத்து ஓசோன் விட்டு, சோயா மொச்சையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். எந்த நுண்ணுயிர் கூடும், எது குறையும் என்பது மண்ணுக்கு மண், பயிருக்குப் பயிர் மாறுகிறது. அதை விரித்தால் பொழுது போதாது.

நான் கேட்பது ஒன்றுதான், வருடா வருடம் கேட்பதுதான்: கரும்புத் தோகையைக் கொளுத்தாதீர்கள். தீ மேல்மண்ணின் உயிரை அப்போதே சுடுகிறது. புகை அடுத்த ஊர் மணிலாவுக்கு ஓசோனாகப் போகிறது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்கிறோமே, தோகை நமக்கு மிஞ்சியதுதானே? வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புக் கரும்பில் பார்களுக்கு நடுவே பரப்புங்கள். பொடியாக்கும் இயந்திரத்தை வாடகைக்குத் தர அலுவலர் அவர்கள் ஆவன செய்ய வேண்டும். தலையசைக்கிறார், எழுதிக்கொள்ளுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நெல்லை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். பள்ளிக்குப் பின்னால்தான் என் மறுதாம்பு. பக்கத்து நிலம் போன மாதம் எரிந்தது. யாருடையது என்று சொல்லமாட்டேன், இந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறார். மண்வெட்டி வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரு வெட்டு வெட்டி மண்ணை முகர்ந்து பார்க்கலாம், வாருங்கள்.