கோபத்தை விழுங்கினால் அது எங்கே போகிறது?

[திரை: அசைவில்லாத ஒரு முகம். பக்கத்தில் மெல்ல ஏறும் ஒரு கோடு.]

நாலு பேர் முன்னால் ஒருவர் நம்மைக் குத்திப் பேசிவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைக்கிறோம். "எவ்வளவு பொறுமை!" என்று பாராட்டு வேறு கிடைக்கும். உடம்பு அப்படி ஏமாறாது.

1993-இல் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர்கள் அருவருப்பூட்டும் படக்காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். சிலரிடம் மட்டும், என்ன தோன்றினாலும் முகத்தில் காட்ட வேண்டாம் என்றார்கள். அவர்களும் காட்டவில்லை. ஆனால் உள்ளே அருவருப்பு குறையவில்லை. வியர்வை போன்ற பதற்றக் குறிகள்தான் கூடின.

[திரை: எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்.]

இதைவிட என்னை அசத்தியது 2003-இல் வெளிவந்த ஆய்வு. முன்பின் அறிமுகமில்லாத பெண்கள் இருவர் இருவராக, மனதை உலுக்கும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேச வேண்டும். சில ஜோடிகளில் ஒருவருக்கு மட்டும் ரகசிய உத்தரவு: உணர்ச்சியைக் காட்டக்கூடாது. எதிரே இருந்தவருக்கு இது தெரியாது. இருந்தும் அவருடைய ரத்த அழுத்தம் ஏறியது! ஒருவர் விழுங்கியது இன்னொருவர் உடம்பில் தெரிகிறது.

சரி, கொட்டித் தீர்த்துவிட்டால்? அதுவும் உதவாது. 2002-இல் பிராட் புஷ்மன், கோபமூட்டப்பட்ட மாணவர்களில் சிலரை, தங்களைச் சீண்டியவரை நினைத்தபடியே பஞ்சிங் பேகைக் குத்தச் சொன்னார். கோபம் அவர்களுக்குத்தான் அதிகம். சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவு.

அப்புறம் என்னதான் செய்வது? வந்திருப்பது எந்த உணர்வு என்று பாருங்கள். "மூட் சரியில்லை" போதாது. அவமானமா, பொறாமையா, பயமா? மேத்யூ லீபர்மன் குழுவின் 2007 ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்வுக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலாவின் பரபரப்பு தணிந்தது.

அடுத்தவர் விஷயத்தில் ஊகத்தை நம்பாதீர்கள். "அவர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன்" என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2018-இல் வெளியான 25 சோதனைகளில், அப்படிக் கற்பனை செய்ததால் கணிப்பு ஒன்றும் துல்லியமாகிவிடவில்லை. நேரே பேசித் தெரிந்துகொண்டபோதுதான் ஆனது.

கேட்கிற விதமும் இருக்கிறது. "ஏன் இப்படிக் கோபப்படுகிறீர்கள்?" என்றால் "யாருக்குக் கோபம்?" என்றுதான் பதில் வரும். "நான் சொன்னதில் எது உங்களுக்குச் சங்கடமாக இருந்தது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை குறுக்கே பேசாதீர்கள்.