ஏற்காட்டில் நாமே சமைத்துத் தங்கும் வீடு

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் ஓர் ஓட்டு வீட்டின் சமையலறையிலிருந்து பேசுகிறேன். இத்தகைய வீடுகளைக் காட்டுபவர்கள் சன்னலுக்கு வெளியே தெரியும் பனிமூட்டத்திலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால், இங்கே மூன்று நாளும் நாமேதான் சமைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், நான் அடுப்பிலிருந்து தொடங்குகிறேன்.

முன்பதிவு செய்தபோது பாத்திரங்கள் எல்லாம் இருக்கின்றன என்றார்கள். அது பொய்யில்லை, குக்கர்கூட இருக்கிறது, அதற்கு வெயிட் மட்டும் இல்லை. சேலத்தில் இதைச் சமாளித்துவிடலாம். ஏற்காடோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதாலும், இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதாலும், தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நான் ஏமாந்ததுதான் மிச்சம். ஒன்றரை மணி நேரம் கழித்தும் துவரம்பருப்பு முழுதாகவே கிடந்ததால், அன்றிரவு அம்மா மிளகு ரசம் வைத்துச் சமாளித்தார். ஆகவே, இங்கு வருபவர்கள் தங்கள் வீட்டுக் குக்கரையே எடுத்து வந்துவிடுங்கள்.

அந்த மிளகு பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது. காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில்தான் இங்கு மிளகுக் கொடியை ஏற்றி விடுகிறார்கள். அவர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர்; பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ண வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழ்தான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இம்மலைக்குக் கொண்டுவந்த காப்பி, இது டிசம்பர் மாதம் என்பதால், இப்போது அவர் வீட்டுக் களத்தில் பழமாகக் காய்கிறது.

படுக்கையறை, கீசர், இன்வெர்ட்டர் ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சமையலறைச் சன்னலுக்குக் கம்பிவலை அடித்திருப்பதை மட்டும் பாராட்டியே ஆக வேண்டும். வெளியே காத்திருக்கும் குரங்குகளிடமிருந்து நம் வாழைப்பழத்தைக் காப்பது அதுதான்.

கடைசியாக, இட்லி மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பொங்கி வழிந்துவிடுமோ என்று அஞ்சி, சேலத்தில் அரைத்த மாவைப் புளிக்கும் முன்பே தூக்குச் சட்டியில் ஊற்றிக் கொண்டுவந்தோம். இந்தக் குளிரில் முதல் நாளும் அது அசையவில்லை, இரண்டாம் நாளும் அசையவில்லை; சட்டியைக் கம்பளியால் சுற்றி அடுப்பங்கரையில் வைத்துப் பார்த்தோம். இன்று காலை, பெட்டிகளைக் காரில் ஏற்றிய பிறகு திறந்து பார்த்தால், மாவு மூடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இனி அதே 20 வளைவுகளிலும் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.