வெயில் வரட்டும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். பழைய படம், புதிய படம் இரண்டைப் பற்றியும் மனதில் பட்டதைப் பேசுங்கள் என்று உதகை வானொலி நிலையத்தார் அழைத்தார்கள். பழசு நல்லதா, புதுசு நல்லதா என்று கேட்டால் என்னால் ஒரு பக்கமாக நிற்க முடியாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான். படத்தை எடுத்தவர்கள் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார்களா? இந்தக் கேள்வி எனக்கு ஒரு பியூஸ் போன பல்பிலிருந்து வந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். எழுபதுகளின் கடைசி. தியேட்டரில் படம் அறுந்தால் ஒட்டும்போது வெட்டிப்போடுகிற பிலிம் துண்டுகள் எப்படியோ எங்கள் கைக்கு வந்து சேரும். பியூஸ் போன பல்பின் அடியை மெதுவாகத் தட்டி உடைத்து, உள்ளே இருக்கிற கம்பிகளை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். உங்களில் எத்தனையோ பேர் இதைச் செய்திருப்பீர்கள். வாசலில் என் தம்பி முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் திருப்பிவிடுகிற வெயில் கதவு இடுக்கு வழியாக உள்ளே வரும். வெயிலுக்கும் பல்புக்கும் நடுவில் பிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் சுவரில் ஆள் தலைகீழாக நிற்பார். சுவரில் அப்பாவின் வெள்ளை வேட்டி. அதுதான் எங்கள் திரை.

என்னிடம் இருந்த நல்ல துண்டு ஒரு பெண்ணின் முகம். கண்ணில் நீர் நிற்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அவ்வளவுதான் படம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து அப்பத்தா பார்ப்பார். "யாருடி இவ? எதுக்கு அழுவுறா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் நான் ஒரு புதுக் கதை சொல்வேன்.

நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். காலையில் பளிச்சென்று அடிக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூட்டம் இறங்கிவிடும். "வெயில் போயிருச்சுக்கா!" என்று வாசலிலிருந்து தம்பி கத்துவான். வேட்டியில் இருந்த முகம் மங்கி மங்கி மறைந்துவிடும். எனக்கு அழுகை வரும். அப்பத்தா மட்டும் எழுந்திருக்க மாட்டார். "இருடி, வெயில் வரட்டும். அவ எங்கயும் போயிட மாட்டா" என்பார். பத்து நிமிடம், கால் மணி நேரம் அந்த இருட்டில் உட்கார்ந்திருப்போம். வெளியே தேயிலைச் செடியின் மேல் மறுபடி வெயில் விழும்போது அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேட்டிக்குத் திரும்பி வரும். அதைப்போல ஒரு காட்சியை எந்தப் பெரிய தியேட்டரிலும் நான் பார்த்ததில்லை.

பின்னாளில்தான் கணக்குத் தெரிந்தது. தியேட்டரில் ஓடுகிற பிலிமில் ஒரு நொடிக்கு 24 படங்கள். நீளத்தில் ஒன்றரை அடி. என் கையில் இருந்த துண்டு கால் நொடிகூட வராது. அந்தக் கால் நொடியை நாங்கள் வருஷக்கணக்காகப் பார்த்தோம். ஒன்றரை அடி ஓடினால் ஒரு நொடி என்றால், ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஒவ்வொரு அடிக்கும் காசு. அதனால் பழைய ஆட்கள் ஒத்திகை பார்த்தார்கள், வெளிச்சத்துக்குக் காத்திருந்தார்கள், அப்புறம்தான் கேமராவை ஓடவிட்டார்கள். அந்தப் பிலிமைச் செய்த தொழிற்சாலையே நம் உதகை இந்து நகரில் இருந்தது. கறுப்பு வெள்ளைப் பிலிமும் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே பிலிமும் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸிலிருந்து நாடு முழுக்கப் போயின. வெளிச்சத்தைப் பிடிக்கிற பொருளை இருட்டறைக்குள் செய்த ஊர் இது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

சரி, படங்களுக்கு வருகிறேன். நம் நீலகிரி மாவட்டத்தில் எடுத்த படம் என்றால் பலரும் டூயட் பாட்டைத்தான் நினைக்கிறார்கள். இளையராஜாவின் முதல் படமான அன்னக்கிளியை 1976-இல் எடுத்தது நம் தெங்குமரஹாடாவில். மலைக்குக் கீழே, மாயாற்றைத் தாண்டிப் போக வேண்டிய ஊர். அந்தப் படத்தில் ஊரும் ஒரு ஆள் மாதிரி கூடவே நடக்கும்.

அப்புறம் 1982. மூன்றாம் பிறை. பாலு மகேந்திராவே இயக்கி, அவரே ஒளிப்பதிவும் செய்த படம். அதில் கமல்ஹாசன் கேத்தியில் வாத்தியார். குன்னூரில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். கடைசிக் காட்சி வந்ததும் "நம்ம கேத்தி ஸ்டேஷன்! கேத்தி ஸ்டேஷன்!" என்று அரங்கம் முழுக்க ஒரே சலசலப்பு. அரை நிமிடத்தில் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. மழை ஈரம், சேறு, விழுந்து எழுந்து நொண்டிக்கொண்டு ஓடி வருகிறார். தலையில் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு குரங்கு மாதிரி ஆடிக் காட்டுகிறார். ரயிலுக்குள் இருக்கிற ஸ்ரீதேவிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அந்த மங்கலான வெளிச்சம் எங்களுடையது. நாங்கள் தினமும் துணி காயாமல் திட்டுகிற அதே வெளிச்சம். அதை ஒரு மனிதர் இவ்வளவு மரியாதையோடு படம் பிடித்திருக்கிறாரே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. கமலுக்கும் பாலு மகேந்திராவுக்கும் அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. இன்றைக்கும் மலை ரயில் கேத்தியில் நின்றால் நான் பிளாட்பாரத்தைத்தான் பார்ப்பேன்.

அதற்காகப் பழைய படம் எல்லாம் உசத்தி என்று சொல்ல மாட்டேன். திரைச்சீலையில் மலையை வரைந்து வைத்து, அதற்கு முன்னால் பாட்டுப் பாடிய படங்கள் எத்தனை! டிசம்பர் குளிரில் மெல்லிய சேலையோடு ஆடவிட்ட நடிகைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கஷ்டப்படுகிறது. அங்கே யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை.

இப்போது பிலிம் செலவு இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேமராவை ஓடவிடலாம். அப்படியென்றால் இன்னும் பொறுமையாக எடுக்கலாமே? ஆனால் மலை என்றால் முதலில் டிரோனை ஏற்றிவிடுகிறார்கள், அப்புறம் நீல நிறத்தைப் பூசிவிடுகிறார்கள். மலையில் இருக்கிறவர்கள் மலையை மேலிருந்தா பார்க்கிறோம்? ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவைப் பார்க்கிறோம். மூட்டம் ஒரு மரத்தை விட்டு நகர்வதற்குள் காட்சி மாறிவிடுகிறது. இருங்களேன், வெயில் வரட்டும் என்று எனக்குச் சொல்லத் தோன்றும்.

காத்திருக்கிற புதிய படங்களும் இருக்கின்றன. 2018-இல் லெனின் பாரதி எடுத்த மேற்குத் தொடர்ச்சி மலை பாருங்கள். துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பதற்காகவே மூட்டை சுமந்து மலை ஏறி இறங்குகிற ஒருவரின் கதை. அவர் நடக்கிற வேகத்தில்தான் படமும் நடக்கிறது. கடைசியில், தனக்கு வாய்த்துக் கைவிட்டுப் போன நிலத்தில் நிற்கிற காற்றாலைக்கு அவரே காவல்காரர். அப்போது கேமரா மேலே ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது. இங்கே அது மேலே போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு மணி நேரம் அவரோடு நடந்துவிட்டுத்தானே ஏறுகிறது!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். கொடைக்கானலைப் பற்றிப் பேச நிறையக் குறித்து வைத்திருந்தேன். டெவில்ஸ் கிச்சன் என்று இருந்த இடத்தைக் குணா குகை என்று ஊரே கூப்பிட வைத்தது 1991-இல் வந்த குணா படம். 33 வருஷம் கழித்து அதே குகையை வைத்து மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்தது. மலையாளப் படம், அதை நாம் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தோம். குழிக்குள் விழுந்தவனைத் தேடி நண்பன் இறங்குகிறான், உள்ளே டார்ச் வெளிச்சம் மட்டும். என் பேத்தி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குணா பாட்டு ஆரம்பித்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். பாட்டு எந்தப் படத்தினுடையது என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் குணாவைப் போட்டு இருவரும் விடிய விடியப் பார்த்தோம். வணக்கம்.