பெனால்டியை வெளியே அடித்தவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள்?

அடுத்த கேள்வி. கல்லூரிக் கால்பந்து அணியில் ஸ்டாப்பராக, அதாவது பின்களத்தின் நடுவில் ஆடும் ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

“சார், பின்களத்தில் இத்தாலியின் பிராங்கோ பரேசிக்கு நிகர் யாரும் இல்லை என்று சென்ற காணொளியில் சொன்னீர்கள். ஆள் ஐந்தடி ஒன்பது அங்குலம். நாட்டுக்காக 81 ஆட்டங்கள் ஆடி ஒரே ஒரு கோல். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி ஓர் விருது வாங்கியதில்லை. 1994 உலகக் கோப்பை இறுதியில் முதல் பெனால்டியையே கம்பத்துக்கு மேலே அடித்தார். காட்சித் தொகுப்புகளைத் தேடிப் பார்த்தேன். கையைத் தூக்குவதைத் தவிர அவர் ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை. எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?”

தம்பி, நீங்கள் அடுக்கிய விவரங்களில் ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் எல்லாமே முன்கள ஆட்டக்காரருக்குப் போடும் கணக்கு. ஸ்டாப்பராக ஆடுகிற நீங்களே அந்தக் கணக்கைப் போடுவதுதான் எனக்கு வருத்தம்!

உயரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பரேசி 1960இல் வடக்கு இத்தாலியில், பிரேஷா பக்கம் திரவலியாத்தோ என்ற சிற்றூரில் பிறந்தவர். இரண்டு வயது மூத்த அண்ணன் ஜுசெப்பே மிலான் நகரத்தின் இன்டர் கிளப்பில் சேர்ந்தார். தம்பியும் அங்கேதான் முதலில் போனார். உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே ஊரின் இன்னொரு கிளப்பான ஏசி மிலான் 14 வயதில் அவரை எடுத்துக்கொண்டது. பதின்ம வயது முடிவதற்குள் தாயும் தகப்பனும் இறந்துபோனார்கள். கிளப்தான் வீடு என்று ஆகிவிட்டது. பிற்பாடு இன்டருக்கு அண்ணன் கேப்டன், மிலானுக்குத் தம்பி கேப்டன். ஊரே இரண்டாகப் பிரிந்து கத்தும் ஆட்டத்தில் நாணயம் சுண்டும் இடத்தில் இருவரும் கைகுலுக்கிக்கொள்வார்கள். உடம்பு போதாது என்று சொன்னவர்கள் மாடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி உண்டு.

1978 ஏப்ரலில், 17 வயதில், வெரோனாவுக்கு எதிராக முதல் ஆட்டம். அடுத்த பருவத்திலேயே லீக் பட்டம். பிறகுதான் சோதனை. 1980இல் சூதாட்ட ஊழல் வழக்கில் மிலானை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளினார்கள். ஏறி வந்த அணி 1982இல் ஆடித் தோற்றே மறுபடியும் கீழே போனது. அதே 1982 கோடையில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. அந்த அணியில் பரேசி இருந்தார், ஆனால் ஒரு நிமிடம்கூடக் களம் இறங்கவில்லை. உலகக் கோப்பைப் பதக்கத்தோடு ஊர் திரும்பி இரண்டாம் பிரிவில் ஆடினார், 22 வயதில் கேப்டனாக. வேறு கிளப்புக்குப் போயிருக்கலாம், போகவில்லை. 1997இல் ஓய்வு பெறும்வரை 719 ஆட்டங்கள், எல்லாமே மிலானுக்கு. இந்த விசுவாசத்தைப் பற்றி நிறையப் பேர் உருகி எழுதியிருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. உங்கள் கேள்வி ஆட்டத்தைப் பற்றியது.

1987இல் மிலானுக்குப் பயிற்சியாளராக அர்ரிகோ சாக்கி வந்தார். பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் அல்லர், காலணி வியாபாரத்திலிருந்து வந்தவர். அதுவரை இத்தாலியில் வழக்கம் என்ன? ஒவ்வொரு முன்கள வீரருக்கும் ஓர் ஆள், நிழல்போல ஒட்டிக்கொள்வார். அத்தனை பேருக்கும் பின்னால் ஒரு லிபரோ நிற்பார், தப்பி வருவதையெல்லாம் அவர் துடைத்து எடுப்பார். பரேசி வளர்ந்ததே அந்த லிபரோவாகத்தான். சாக்கி அதைக் கலைத்தார். தஸ்ஸோட்டி, கோஸ்டகுர்டா, பரேசி, மால்டினி என்று நால்வரை ஒரே கோட்டில் நிறுத்தினார். யாரும் யாரையும் ஒட்டிக்கொண்டு ஓடக் கூடாது. பந்து எங்கே, பக்கத்து ஆள் எங்கே, இரண்டையும் பார்த்து நகர வேண்டும். பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே சுமார் 25 மீட்டர்தான் இருக்கலாம் என்பார். அப்படியானால் பின்வரிசை பெனால்டி பெட்டியில் பதுங்க முடியாது, மைதானத்தின் நடுக்கோட்டை நோக்கி ஏறி வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் அரை மைதானம் வெட்டவெளி. அந்த வெட்டவெளியைக் காப்பது ஆஃப்சைடு விதி ஒன்றுதான்: பந்து தன்னிடம் அனுப்பப்படும் நொடியில் எதிரணி வீரர் பின்வரிசையைத் தாண்டி, கோல்கீப்பர் மட்டும் முன்னால் இருக்கும்படி நின்றால் அது குற்றம்.

நீங்கள் கேலி செய்த கை இங்கேதான் வருகிறது. கோடு எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டும். நால்வரும் தனித்தனியாக யோசித்தால் ஒருவர் அரை அடி பின்தங்குவார், அந்த அரை அடியில் கோல் விழுந்துவிடும். பரேசி பந்தைவிட, பந்து வைத்திருக்கும் ஆளைத்தான் பார்ப்பார். அந்த ஆளின் தலை நிமிர்ந்திருக்கிறதா, மேலே யாராவது விழுந்து நெருக்குகிறார்களா? தலை நிமிர்ந்து, நிதானமாகப் பந்தை வைத்திருந்தால், அவர் எங்கே வேண்டுமானாலும் பந்தை அனுப்பலாம். உடனே கோடு இறங்கும். பந்து பின்னோக்கிப் போனாலோ, நெருக்கடியில் அவர் தலை குனிந்தாலோ, நால்வரும் இரண்டு மூன்று எட்டு முன்னால் பாய்வார்கள். எதிரணியின் முன்கள வீரர் அதே இடத்தில்தான் நிற்பார். ஆனால் பந்து புறப்படும் நொடியில் அவருக்கு முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான் இருப்பார். லைன்ஸ்மேன் கொடி எழும். இவ்வளவும் ஒரு நொடிக்குள். எல்லாம் முடிந்த பிறகு எழுகிற கைதான் உங்கள் காட்சித் தொகுப்பில் இருக்கிறது, அதற்கு முந்தைய ஒரு நொடியை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கை மேலே இருக்கும்போதே அவருடைய கால்கள் கோலை நோக்கித் திரும்பி ஓடிக்கொண்டிருக்கும். கொடி எழாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு அவர் தயாராகவே இருப்பார். நம் மைதானங்களில் கையைத் தூக்கிவிட்டு லைன்ஸ்மேனைப் பார்த்து நின்றுகொண்டே இருப்பார்கள். ஸ்ட்ரைக்கர் போய்க் கோலடித்துவிட்டுத் திரும்பி வருவார், கை அப்போதும் இறங்கியிருக்காது.

சாக்கி ஒரு பயிற்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒழுங்கோடு நிற்கும் ஐந்து பேரைத் தறிகெட்டு ஆடும் பத்துப் பேரால் வெல்ல முடியாது என்று ஆட்டக்காரர்களிடம் சொன்னாராம். முன்கள வீரர்கள் வான் பாஸ்டனும் குல்லிட்டும் நம்பவில்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று கோல்கீப்பர் ஜொவான்னி கல்லியையும் நான் முன்பு சொன்ன அந்த நால்வரையும் ஒரு பக்கம் நிறுத்தினார். எதிரே வான் பாஸ்டன், குல்லிட், ரைகார்ட், தொனதோனி, அன்செலோட்டி என்று பத்துப் பேர். நேரம் 15 நிமிடம். பந்தைப் பறிகொடுத்தால் பத்துப் பேரும் தங்கள் பாதிக்குத் திரும்பிப்போய் மறுபடி தொடங்க வேண்டும், அவ்வளவுதான் விதி. பலமுறை நடத்தியும் அவர்களால் ஒரு கோல் அடிக்க முடியவில்லை என்கிறார் சாக்கி. தன் முறையின் பெருமையைச் சொல்கிற பயிற்சியாளரின் பேச்சு, கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனாலும் 1989 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை மிலானில் 5–0 என்று அவர்கள் புரட்டியெடுத்த ஆட்டத்தைப் பார்த்தால், அந்தப் பேச்சில் பெரும்பகுதி உண்மை என்று தோன்றும்.

இங்கே நியாயமாக ஒரு ஆட்சேபம் வரலாம். அந்தக் கால விதி அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. கடைசிக்கு முந்தைய எதிராளிக்கு நேர்கோட்டில் நின்றாலே அப்போது ஆஃப்சைடு. 1990இல் அதை மாற்றி, நேர்கோட்டில் நின்றால் குற்றமில்லை என்றார்கள். 1992இல், தன் அணியினர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதியும் வந்தது. பின்களத்தாருக்கு இரண்டுமே அடி. சாக்கியும் 1991இல் போய்விட்டார், கப்பெல்லோ வந்தார். பரேசிக்கு முப்பது தாண்டிவிட்டது. சரியவேண்டிய நேரம்தானே? 1991–92 லீக் பருவத்தில் மிலான் 34 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 1993–94இல் 34 ஆட்டங்களில் அவர்கள் அடித்தது 36 கோல்தான், வாங்கியது 15. அதிலும் பட்டம் அவர்களுக்கே. 36 கோலை வைத்துக்கொண்டு லீக் பட்டம் வெல்வதென்றால் அந்தப் பட்டத்தை யார் வென்று கொடுத்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

பாலன் டி ஓர் பற்றி ஒரு வரி. 1989இல் வான் பாஸ்டன் முதலிடம், பரேசி இரண்டாமிடம், ரைகார்ட் மூன்றாமிடம். மூவரும் ஒரே கிளப். பின்களத்தாரில் அந்த விருதை வாங்கியவர்கள் பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ என்று விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். அந்தக் கன்னவாரோவின் உயரமும் ஏறக்குறைய பரேசியின் உயரம்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பெனால்டி.

1994 ஜூன் 23, நியூ ஜெர்சி. முதல் சுற்றில் நார்வேக்கு எதிரான ஆட்டம். கோல்கீப்பர் பாலியூக்கா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிவிட்டார். இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் பரேசியின் முழங்கால் போய்விட்டது. குருத்தெலும்பு கிழிந்திருந்தது, அறுவை சிகிச்சை செய்தார்கள். வயது 34. அவருடைய உலகக் கோப்பை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இத்தாலி தட்டுத்தடுமாறி, முன்கள வீரர் பாஜியோவின் புண்ணியத்தில் இறுதிக்கு வந்து சேர்ந்தது. கோஸ்டகுர்டாவுக்கு இறுதியில் ஆடத் தடை. ஜூலை 17, பசடேனா, நடுப்பகல் வெயில். முழங்கால் போய் 24 நாள் கழித்து பரேசி களம் இறங்கினார். எதிரே பிரேசிலின் முன்கள வீரர்கள் ரொமாரியோவும் பெபெட்டோவும்.

120 நிமிடம், பிரேசிலுக்குக் கோல் இல்லை. எல்லாம் பரேசி ஒருவர் செய்தது என்று சொல்ல மாட்டேன். பாலியூக்காவின் கையிலிருந்து நழுவிய ஒரு பந்தைக் கம்பம் காப்பாற்றியது, மால்டினி பக்கத்திலேயே இருந்தார். ஆனால் அந்தத் தொடரில் யாருக்கும் பிடிபடாத ரொமாரியோ, அன்று திரும்பிய இடத்திலெல்லாம் 6ஆம் எண் சட்டை முன்கூட்டியே வந்து நின்றதைப் பார்த்தேன். கடைசி நிமிடங்களில் தசை பிடித்துக்கொண்டு காலை நீட்டியபடி தரையில் கிடந்தார். இரண்டு அணிக்குமே கோல் இல்லாததால் பெனால்டி அடித்து முடிவு காண வேண்டி வந்தது. அந்தக் காலோடுதான் முதல் பெனால்டி அடிக்கப் போனார்.

அவர் ஏன் அடித்தார் என்று கேட்பவர்களுக்கு: பெனால்டி அவருக்குப் புதிதல்ல, மிலானுக்காகப் பல அடித்திருக்கிறார். 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக, நேப்பிள்ஸில், இத்தாலியின் முதல் பெனால்டியை அடித்ததும் அவரே. அது கோல். அன்று தவறவிட்டவர்கள் தொனதோனியும் செரேனாவும். 1990இன் அந்தப் பெனால்டியை யாரும் காட்சித் தொகுப்பில் போடுவதில்லை.

பசடேனாவில் அவர் அடித்தது மேலே போனது, உண்மை. அடுத்து வந்த பிரேசிலின் மார்சியோ சாண்டோஸ் அடித்ததை பாலியூக்கா தடுத்துவிட்டார். ஆளுக்கொரு பெனால்டி முடிந்தபோது இரண்டு அணியும் பூஜ்யத்தில் சமம். பிறகு இத்தாலியின் மஸ்ஸாரோ அடித்ததை பிரேசில் கோல்கீப்பர் தஃபரெல் தடுத்தார், பாஜியோ மேலே அடித்தார், பிரேசில் 3–2 என்று வென்றது. இதில் பரேசி தோற்கடித்தார் என்று எந்த இடத்தில் வருகிறது? பழியை பாஜியோ தலையில் கட்டிவிட்டு ஊர் மறந்துவிட்டது, அதுவும் அநியாயம்தான். அது வேறு கதை.

கடைசியாக, எதைப் பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காட்சித் தொகுப்புகளை விட்டுவிடுங்கள். அந்த 1994 இறுதி ஆட்டத்தை முழுதாக எடுத்துக்கொண்டு, முதல் அரை மணி நேரம் பந்தைப் பார்க்காமல் 6ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். பந்து பிரேசில் பாதியில் சும்மா உருளும்போதுகூட அவர் இரண்டு எட்டு இடம் மாறுவார், பக்கத்து ஆளை ஒரு சொல்லால், ஒரு கையசைவால் நகர்த்துவார். ரொமாரியோவுக்குப் பந்து வராத நேரங்களை எண்ணுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், முதல் தடவை எனக்கும் சலித்தது.

இதைப் பார்த்துவிட்டு நாளைக்கே உங்கள் அணியில் கோட்டை ஏற்றிவிடாதீர்கள். முன்னால் நிற்பவர்கள் பந்து வைத்திருப்பவரை நெருக்கினால்தான் பின்னால் கோடு ஏற முடியும். மிலானில் வான் பாஸ்டனும் குல்லிட்டும் அந்த வேலையைச் செய்தார்கள். உங்கள் ஸ்ட்ரைக்கர்கள் பந்தைப் பறிகொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கிற ஆட்களென்றால், முதலில் பயிற்சியாளரை விட்டு அவர்களிடம் பேசச் சொல்லுங்கள். அதுவரை பெட்டியை ஒட்டியே நில்லுங்கள். அடுத்த கேள்வி கோல்கீப்பர் கையுறையைப் பற்றியது, அதற்குப் போவோம்.